மருதமுத்துவுக்குப் போன பதினேழு கடிதங்கள்

மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். ஹட்டன் ஸ்டேஷனில் தேயிலைப் பெட்டிகளை இறக்கிவிட்டுத் திரும்பிய தோட்டத்து லொறி, பள்ளிக்கூடத்து வாசலில் நின்றது. டிரைவர் இறங்கி வந்து தொப்பியைக் கழற்றினார். "டீச்சர், ஹட்டன் டெய்லர் போயிட்டாராம். டிக்கோயா ஆஸ்பத்திரியில, விடியக்காலையில. நாளைக்குத்தான் எடுக்கிறாங்களாம்." பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். கரும்பலகையை அழித்தேன், அழித்ததையே மறுபடியும் அழித்தேன். நாலு வருடமாக நான் பேசாமல் இருந்த மனிதர் அவர்.

ஹட்டன் கடைவீதியில் ஒரு துணிக்கடை விறாந்தையில் மெஷின் போட்டிருந்த மருதமுத்துவை உங்களில் பலருக்குத் தெரியும். "ஏழாம் நம்பர் மலை" என்ற நாவலை எழுதியவர் என்று சிலருக்குத்தான் தெரியும். உடப்புசல்லாவைப் பக்கம் ஒரு லயத்தில், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீட்டில், பிறந்தவர். கொழுந்து பறித்த தாய் இறந்தபிறகு ஊசியும் நூலுமாக ஹட்டனுக்கு வந்து சேர்ந்தார்.

எங்கள் பழக்கம் என் ரவிக்கையில் தொடங்கியது. தைத்த ரவிக்கையை ஒரு பழுப்புத் தாளில் சுற்றித் தந்தார். எங்கள் தோட்டம் இருக்கும் அக்கரப்பத்தனைக்குத் திரும்பும் பஸ்ஸில் பிரித்துப் பார்த்தால், தாள் முழுக்க பென்சில் எழுத்து. வீராயி என்ற பெண் கம்பளியைத் தலையில் போட்டுக்கொண்டு மழையில் மலையேறுகிறாள். பாதியில் தாள் முடிந்துவிட்டது. எனக்கு ஆத்திரமாக வந்தது. அடுத்த ஞாயிறே போய், பிழைகளைச் சிவப்பு மையால் திருத்தி அவர் முன்னால் வைத்து, "மீதி எங்கே?" என்றேன். அவர் வெட்கப்பட்டு மெஷின் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டார். "அது கழிச்சுப்போட்ட தாளுங்க டீச்சர். நல்லா வரல."

அன்றிலிருந்து அவர் எழுதுவார், நான் திருத்துவேன். கோபம் எனக்கு எப்போதும் மூக்குக்கு மேல்தான் இருக்கும். ஓரங்களில் கண்டபடி எழுதிவைப்பேன். அவர் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. ஓர் அத்தியாயத்தை மூன்றாம் முறை திருப்பிக் கொடுத்தபோது, "தைச்சதைப் பிரிக்கத் தெரியாதவன் என்ன டெய்லருங்க" என்று சிரித்துக்கொண்டே வாங்கி வைத்தார்.

நாவலை முடித்த அன்று நான் அங்கே இருந்தேன். வெளியே நல்ல மழை. கடைசித் தாளைக் கத்தரிக்கோலின் கீழ் வைத்துவிட்டு, செய்ய வேலையில்லாதவர்போலக் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "முடிஞ்சிருச்சு. இப்ப என்ன செய்யிறதுங்க டீச்சர்?" என்றார். அச்சடிக்க வேண்டியதுதான் என்றேன். அதற்கு அவர் சொன்னது இது:

"கொழும்புல நாலு பேர் நல்லாருக்குன்னா சந்தோஷந்தாங்க. ஆனா ஆத்தா இருந்தா அவங்ககிட்டதான் முதல்ல படிச்சுக் காட்டியிருப்பேன். ஆத்தா மாதிரி ஒருத்தங்க, லயத்துல இருக்கிறவங்க, கேட்டுட்டு ‘ஆமா, இப்பிடித்தான்’னு சொல்லணும். சொன்னா இன்னொண்ணு எழுதுவேன். இல்லாட்டி சட்டை தைக்கிறதோட நிறுத்திக்கிறேன்."

நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "கவலைப்படாதீங்கண்ணே. யாரும் எழுதாட்டி நானே பத்துப் பேர் பேர்ல எழுதிப் போடுறேன்" என்று கேலியாகச் சொன்னேன். இருவரும் சிரித்தோம்.

புத்தகம் வந்தது. கொழும்புப் பத்திரிகை ஒன்றில் இரண்டு பத்தி பாராட்டியிருந்தார்கள். அதை அவர் வெட்டிக்கூட வைக்கவில்லை. எனக்கு ஒரு பிரதியைத் தந்து, "படிச்சுக் காட்டுங்க" என்று மட்டும் சொன்னார்.

எங்கள் தோட்டத்தில் தாய்மார் மலைக்குப் போகும்போது குழந்தைகளை விட்டுச்செல்லும் பிள்ளைக்காம்பரா, ஞாயிற்றுக்கிழமை காலியாக இருக்கும். அங்கே பெண்களைக் கூட்டிவைத்து வாரம் ஓர் அத்தியாயம் படித்தேன். முதல் வாரம் ஐந்து பேர். நாவல் முடியும்போது பதினேழு பேர். பேன் பார்த்துக்கொண்டும் வெற்றிலை மென்றுகொண்டும் கேட்பார்கள். அவர்களில் மூத்தவள் காத்தாயி. கொழுந்து பறிப்பதில் அவளை முந்த ஆளில்லை, வாயிலும் அப்படித்தான். வீராயியை மழையில் மேட்டுமலைக்கு அனுப்பும் இடம் வந்ததும் எழுந்து நின்றுவிட்டாள். "நிப்பாட்டுங்க டீச்சர். இந்த ஐயாவுக்கு ஒரு கடுதாசி போடணும். நான் சொல்றேன், நீங்க எழுதுங்க."

அவள் சொன்னதை ஓர் எழுத்தும் மாற்றாமல் எழுதினேன். "ஐயா, வீராயி மாசமா இருக்கா. அவள எதுக்கு மழையில மேட்டுமலைக்கு அனுப்புனீங்க? கங்காணிகூட பாவம் பாப்பானே, நீங்க பாக்கலயே. தையக்காரரா இருந்துக்கிட்டு இடுப்புல படங்குச் சாக்கு கட்டத் தெரியலயே ஒங்களுக்கு. நீங்க எழுதுன மாதிரி கட்டுனா நாலு எட்டு வைக்கிறதுக்குள்ள அவுந்து விழும். ஆனா அவ அழாம நின்னது சரி. நாங்களும் அப்பிடித்தான் நிப்போம்."

பிறகு ஒவ்வொருத்தியாக வந்தார்கள். ஒருத்தி வீராயியின் புருஷனை ஏசினாள். இன்னொருத்தி, "பொறந்த புள்ளைக்கு பேரு வைக்காம கதைய முடிச்சிட்டீங்க. நாங்க செவந்தின்னு வச்சிட்டோம்" என்று சொல்லி எழுதுவித்தாள். பெயருக்குக் கீழே கைநாட்டு வைக்கச் சொன்னபோது மட்டும் ஒருத்தியும் சம்மதிக்கவில்லை. பிரஜாவுரிமைக்கு மனுப் போட்ட காலத்தில் எத்தனை தாளில் அழுத்தியிருப்பார்கள். எல்லாம் இல்லை என்றுதான் திரும்பி வந்தன. "கைநாட்டு வேணாம் டீச்சர். அது வச்ச பேப்பர் எதுவும் நமக்கு நல்லது செஞ்சதில்ல" என்றாள் காத்தாயி. பதினேழையும் ஒரே உறையில் போட்டு அனுப்பினேன். நானாக ஒரு வரி எழுதிச் சேர்க்கவில்லை. படித்தால் அவருக்கே தெரியும் என்று இருந்துவிட்டேன்.

ஒரு வாரத்தில் பதில் வந்தது. எனக்கு.

"டீச்சர் அவர்களுக்கு, பதினேழும் உங்கள் கையெழுத்து. லயத்து ஆட்கள் சொல்லி எழுதியிருந்தால் ஒன்றிலாவது கைநாட்டு இருக்கும். அன்று கேலியாகச் சொன்னதை என் மனம் நோகக்கூடாதென்று செய்தே காட்டிவிட்டீர்கள். இனி வேண்டாம். மருதமுத்து."

என்னைப் பொய்க்காரி என்கிறாரா? இவருக்காக வாராவாரம் தொண்டை வரளப் படித்தேனே. ஒரு வரி எழுதியிருந்தால் தீர்ந்திருக்கும். காத்தாயியைப் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டுபோய் முன்னால் நிறுத்தியிருந்தாலும் தீர்ந்திருக்கும். செய்யவில்லை. அவரே வந்து கேட்கட்டும் என்று வீம்பாக இருந்தேன். ரவிக்கைத் துணியை வேறு டெய்லரிடம் கொடுத்தேன், அதுவும் அவர் கண்ணில் படும்படியாக.

பெண்கள் விடவில்லை. "ஐயா பதில் போட்டாராங்க?" என்று ஒவ்வொரு ஞாயிறும் கேட்டார்கள். வரும் வரும் என்று இரண்டு மாதம் ஓட்டினேன். பிறகு ஒருநாள் உட்கார்ந்து நானே எழுதினேன். "காத்தாயி அம்மாவுக்கும் மற்றவர்களுக்கும். வீராயியை மழையில் அனுப்பியது என் தப்புத்தான். பிள்ளைக்குச் செவந்தி என்ற பெயரே இருக்கட்டும். இப்படிக்கு, மருதமுத்து." பிள்ளைக்காம்பராவில் படித்துக் காட்டினேன். காத்தாயி இன்னொரு தரம் படிக்கச் சொன்னாள். பிறகு அதை வாங்கி நாலாக மடித்துச் சுருக்குப் பையில் வைத்துக்கொண்டாள். செய்யாத குற்றத்தைச் சுமத்திவிட்டாரென்று கோபித்த நான், அதையே செய்துமுடித்தேன்.

கடைசியாக அவரைப் பார்த்தது போன வருடம், ஹட்டன் பஸ் நிலையத்தில். மெலிந்திருந்தார். என்னைக் கண்டதும் கையை உயர்த்திக்கொண்டு வந்தார். நான் பஸ்ஸில் ஏறி மறுபக்கத்து ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டேன். அவர் என்ன சொல்ல வந்தார் என்று இனி நான் யாரிடம் கேட்பது?

சாவுச் செய்தி வந்த மறுநாள் விடிந்ததும், வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக் களத்தில் காத்தாயி கூடையில்லாமல் போய் நின்றாள். கூடவே பத்துப் பேர். அன்றைக்கு வேலைக்கு வரமுடியாது, ஹட்டனில் ஒரு சாவு என்றார்கள். மலை வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு அவளைப் பார்த்து, "செத்தவன் ஒனக்கு என்ன ஒறவு?" என்று கேட்டார். "எனக்குக் கடுதாசி போட்டவருங்க" என்றாள் அவள். பக்கத்தில் நின்ற நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

கடைக்குப் பின்னால் ஒரே அறைதான் அவர் வீடு. பெண்கள் தங்கள் வீட்டுச் சாவுபோலவே கட்டிப்பிடித்து ஒப்பாரி வைத்தார்கள். காத்தாயி சுருக்குப் பையைத் திறந்து அந்தத் தாளை எடுத்து அவர் நெஞ்சில் வைத்தாள். அவருடைய தம்பி செல்லத்துரை அதை எடுத்துப் பிரித்துப் படித்தார். கையெழுத்தை அடையாளம் கண்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு அதை மடித்து அண்ணனின் கைக்குக் கீழே வைத்துவிட்டார்.

அடக்கம் முடிந்து திரும்பியதும் செல்லத்துரை என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "கோவமெல்லாம் இல்லீங்க டீச்சர் அண்ணனுக்கு. அந்தப் பதினேழையும் அடிக்கடி எடுத்துப் படிப்பாரு. டீச்சர் எழுதுற மாதிரி எனக்கு வரலயேடாம்பாரு. ‘என் வீராயி துணிப்பொம்மைடா. டீச்சரோட காத்தாயிக்குத்தான் உசிரு இருக்கு’ன்னு சொல்லுவாரு. ரெண்டாவது கதைய அதோட நிறுத்திட்டாரு."

அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போது காத்தாயி விறாந்தையில் மெஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

திரும்பும் பஸ்ஸில் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பதில் நான் எழுதியது, அவர் எனக்கு எழுதியது, அதற்கு நான் பதில் போடாமல் விட்டுவிட்டது. என்னை ஏசுவாள் என்று எதிர்பார்த்தேன், ஏசியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். அவளோ, "அப்ப நாங்க இல்லவே இல்லன்னு நெனச்சுக்கிட்டே போயிட்டாராங்க டீச்சர்?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். இறங்கும்போது, "அவரத் தெரிஞ்சவங்களுக்காச்சும் எழுதுங்க. நாங்க இருக்கோம்னு எழுதுங்க" என்றாள்.

எழுதிவிட்டேன். மருதமுத்துவை அறிந்தவர்களே, அந்தக் கடிதங்களைப் பற்றி அவர் உங்களிடம் ஏதாவது சொல்லியிருந்தால் அது தவறு. அவர் மிக நல்ல நாவலாசிரியர். அவர் கேட்ட ‘ஆமா’ அவருக்குப் பதினேழு தரம் கிடைத்தது. அவர் கையெழுத்தில் என்னிடம் மிஞ்சியிருப்பது அவர் எனக்கு எழுதிய அந்த ஒரு கடிதம்தான். அதற்குரிய பதிலை நான் அன்றே அனுப்பியிருக்க வேண்டும். ஒரே வரிதான்.

அது நான் இல்லை, அண்ணே. காத்தாயிதான்.