அப்பாவின் கிற்றாரில் ஒட்டிய தகடு

சண்டை முடிந்து, வடக்கிலிருந்தும் சனம் பஸ் பிடித்து வரத் தொடங்கியதும் எங்கள் மாதா கோயில் திருநாள் பெருத்துவிட்டது. பாடகர் குழுவுக்கு வாடகைக்குக் கீபோட் வந்தது, ட்ரம் வந்தது. இடையில் அகப்பட்டவர் கிற்றார் வாசித்த என் அப்பா. விரல் அசைவதைப் பார்த்துத்தான் அவர் வாசிக்கிறார் என்று அறிய வேண்டியிருந்தது. முன்னால் மைக் வைத்தாலும் அதற்குள்ளும் ட்ரம்தான் புகுந்தது. இந்த முறை தான் வரவில்லை என்று அப்பா சொல்லிவிட்டார். வீட்டில் அதற்கு அழுதது நான் மட்டும்தான்.

அந்த மாதங்களில் அப்பா வீட்டில் படுப்பதுமில்லை. புழுக்கம் என்று பாயோடு கரையிலிருந்த மீன்வாடிக் கொட்டிலுக்குப் போய்விடுவார். எனக்கு அதில் பொறாமை வேறு.

புத்தளத்தில் ஃபோன் திருத்தும் கடையில் வேலை செய்த சித்திதான் வழி கண்டுபிடித்தார். என் பிறந்தநாளுக்கு வந்து, திறந்தால் பாடும், பாடிப் பாடி ஓய்ந்துபோன வாழ்த்து அட்டையைக் கிழித்து, உள்ளேயிருந்து ஐந்து ரூபாய் நாணயக் குற்றியளவு பித்தளைத் தகடொன்றை எடுத்தார். ஈயம் உருக்கி அதில் இரண்டு வயர்களை ஒட்டி, மறுமுனையைச் சத்தம் பெருக்கும் அம்ப்பில் சொருகினார். அவ்வளவுதான் மைக்.

"இது காத்தில வார சத்தத்தக் கேக்காது. தொட்டுக்கொண்டிருக்கிறதத்தான் கேக்கும்," என்றார்.

நான் நம்பாமல் தகட்டின் பக்கத்தில் நின்று தொண்டை கிழியக் கத்தினேன். ஸ்பீக்கர் லேசாக முணுமுணுத்ததோடு சரி. முறுக்குத் தின்றுகொண்டிருந்த அண்ணனின் தாடையில் தகட்டை அழுத்தினோம். கல் உடைக்கும் மெஷின் வீட்டுக்குள் வந்துவிட்டது! அப்பா சிரித்தார், சிரிப்பு இருமலாகவே எழுந்து வெளியே போனார். திரும்பி வந்து, வாசிக்கிறேன் என்றார்.

தந்திகளுக்குக் கீழே, முன்பலகையில் ஒட்டினால்தான் நாதம் நன்றாக வந்தது. ஆனால் சித்தி ஒட்டியது காயத்துக்குப் போடும் பிளாஸ்டரால். அம்மா விடவில்லை.

"திருநாளில அவ்வளவு சனமும் பாக்க, கிற்றாருக்குப் புண் வந்த மாதிரியா போறது?"

ஆகவே தகடு கிற்றாரின் பின்பக்கம் போயிற்று. அங்கே சத்தம் குறைந்ததால் அம்ப்பைக் கூட்டி வைத்தார்கள்.

திருநாள் பூசையில் முதல் பாட்டிலேயே அப்பாவின் கிற்றார் கோயில் முற்றம்வரை கேட்டது. பக்கத்துப் பிள்ளைகளிடம் "எங்கட அப்பா, எங்கட அப்பா" என்று சொல்லி எனக்கு வாய் ஓயவில்லை. சாமியாரிடம் நன்மை அப்பம் வாங்கி முடிந்து எல்லோரும் முழந்தாளில் மௌனமாக இருந்தபோது, அப்பா கிற்றாரை நெஞ்சோடு அணைத்தபடி அடுத்த பாட்டுக்குக் காத்திருந்தார். ஸ்பீக்கர்களிலிருந்து ஒரு சத்தம் வந்தது. மணலில் வள்ளம் இழுப்பதுபோலக் கர்ர்ர் என்று போய், நின்று, திரும்பி வந்தது. இடையிடையே மெல்லிய விசில். பிள்ளைகள் சிரித்தார்கள். சவுண்ட்காரர் ஓடிப்போய் வயர்களை ஆட்டிப் பார்த்தார். சித்தி மட்டும் அசையாமல் அப்பாவின் நெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அம்மாவைப் பார்த்தார். அவ்வளவு சனமும் பார்க்க அம்மா எழுந்து வந்து வயரைப் பிடுங்கினார்.

பூசை முடிந்து வெளியே வேம்பின் கீழ் சித்தி அழுதுகொண்டிருந்தார். மைக் பழுதான வெட்கமாக்கும் என்று எனக்குப் பாவமாக இருந்தது.

"பரவாயில்ல சித்தி, அடுத்த திருநாளைக்கு நல்லதா ஒண்டு செய்வம்," என்றேன். அவர் என்னை இறுகக் கட்டிக்கொண்டார்.

மறுநாள் காலையிலேயே அம்மாவும் சித்தியும் அப்பாவை நடுவில் விட்டுப் புத்தளம் பஸ்ஸுக்கு நடந்தார்கள். புதுத் தகடு வாங்கத்தான் போகிறார்கள் என்று நினைத்துப் வேலிப் படலைவரை ஓடினேன்.

"பெரிசாப் பாத்து வாங்குங்க!"

"ஓம் மகள்," என்றார் அப்பா.

பின்னேரம் வரும்போது தகடு இல்லை. பெரிய காக்கி உறையொன்றுதான் இருந்தது. அதற்குள்ளிருந்த கறுப்புப் படத்தை அம்மா ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பிடித்துப் பார்த்தார். எனக்கு ஒரே ஏமாற்றம். அப்பா அன்று வாடிக்குப் போகாமல் அறையிலேயே பாய் விரித்துப் படுத்துவிட்டார். சற்று நேரத்தில் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கோயிலில் கேட்ட அதே கர்ர்ர் வந்தது.

அம்ப்பை நிறுத்த மறந்துவிட்டார்களே என்று நான் வயரைத் தேடிக்கொண்டு உள்ளே போனேன்.