கிரேன் சீட்டும் ராத்திரி மாத்திரையும்

டில்லிபாபுவுக்குச் சளி பிடித்தால் மூக்கு சிவக்கும், பொறாமை பிடித்தால் காது சிவக்கும். அந்த மழைக்காலத்தில் இரண்டும் சேர்ந்தே சிவந்து கிடந்தன.

சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் அவருக்கு வேலை, கிரேன் தூக்கப்போகும் தகடுகளில் கொக்கி மாட்டுவது. தலை நரைக்கும்வரை மாட்டினார். கிரேன் ஓட்டவும் கற்று லைசென்ஸ் வாங்கி வைத்திருந்தார். மேலே கிரேன் ஓட்டுபவரின் சீட்டு காலியானதும், அது தனக்குத்தான் என்று வீட்டில் கேசரி கிண்டச் சொல்லிவிட்டார். கேசரி வெந்தது, சீட்டு மட்டும் சித்தார்த்துக்குப் போனது. நேற்று வந்த பையன். இடுப்பில் புது செல்போன் வேறு.

அவனுக்கும் சளிதான். வேலை முடிந்து இருவரும் காலடிப்பேட்டையில் மஜீது பாயின் மருந்துக்கடைக்குப் போனார்கள். பாய் அட்டையிலிருந்து ஆளுக்குக் கொஞ்சம் மாத்திரையைக் கத்தரித்துக் கொடுத்தார். வெட்டிய துண்டில் பெயரும் இல்லை, ஒரு எழுத்தும் இல்லை.

"ராத்திரி மாத்திரை நைனா. படுக்கும்போது மட்டும்தான். பகல்ல போட்டா கண்ணு சொருகும், வண்டி கிண்டி ஓட்டக் கூடாது. இதுலயே காய்ச்சல் மருந்தும் கீது. தனியா காய்ச்சல் மாத்திரைய இது கூட சேத்துப் போட்டா ஈரலு பேஜாராயிடும். சரக்கு பக்கமே போவாதீங்க."

"சரி பாய்," என்றார் டில்லிபாபு. சித்தார்த் செல்போனில் யாரிடமோ சிரித்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் காலை டீக்கடையில் பார்த்தால், அவன் உள்ளங்கையில் அதே மாத்திரை. பக்கத்தில் இன்னொன்று.

"இன்னாடா அது?"

"ராத்திரி போட்டது சோக்கா கேட்டுது அண்ணாத்தே. அதான் காலைலயும் ஒண்ணு. ஒடம்பு சுடுதுல்ல, கூடவே வூட்ல இருந்த காய்ச்சல் மாத்திரை."

டில்லிபாபு வாயைத் திறந்தார். காது சிவந்தது. திறந்த வாயில் டீயை ஊற்றி மூடிக்கொண்டார். தூங்கி வழியட்டுமே. மேஸ்திரி கண்ணில் படட்டுமே. சீட்டு தானாகக் கீழே இறங்கி வரும்.

முதல் லோடில் 'நிறுத்து' என்று கை காட்டினார். தகடுகள் கொஞ்சம் தாண்டிப் போய்த்தான் நின்றன. கீழே நின்ற ஆள் குனிந்து ஒதுங்கினான். லோடு தரையில் உட்கார்ந்ததும் அண்ணாந்து பார்த்தார். சித்தார்த்தின் தலை கண்ணாடியில் சாய்ந்திருந்தது.

அந்தப் பக்கம் மேஸ்திரி சுப்புராயன் வெற்றிலை போட்டுக்கொண்டு நின்றார். அவருக்கு ஒரு குரல் கொடுத்தால் போதும், சீட்டு கைக்கு வந்துவிடும். டில்லிபாபு குரல் கொடுக்கவில்லை. கொக்கியைக் கழற்றித் தகட்டில் ஓங்கி அடித்தார்.

"எறங்குடா கீழ!"

பையன் கண்ணைக் கசக்கிக்கொண்டு தள்ளாடி இறங்கினான். அவனை ஷெட்டுக்குள் தள்ளிவிட்டுத் திரும்பினால் எதிரே மேஸ்திரி.

"இன்னாத்துக்கு நிறுத்தின பாபு?"

"கொக்கி வாய் விரிஞ்சா மாதிரி கீது மேஸ்திரி. செக் பண்ணாம தூக்க மாட்டேன்."

"நேத்து நல்லாத்தான இருந்துச்சு? பையன் ஓட்டறது உனக்குப் பொறுக்கல, அதான?"

மொத்த ஆட்களும் சிரித்தார்கள். டில்லிபாபுவால் மறுக்க முடியவில்லை. உண்மையிலேயே பொறுக்கவில்லை.

"சரி, பாக்கற வரைக்கும் கிரேன் நிக்கட்டும்," என்று மேஸ்திரி போய்விட்டார். அன்று ஒரு நாளாவது ஏறி உட்காரலாமா என்ற நப்பாசையும் அத்தோடு போயிற்று. சொன்ன பொய் அவருக்கே பூட்டுப் போட்டுவிட்டது.

ஷெட்டில் அவர் பாய் சொன்னதை முழுக்க ஒப்பித்தார். "இன்னிக்கு இனிமே எந்த மாத்திரையும் தொடாத. சாயந்தரம் பாயாண்ட சேத்துப் போட்டத சொல்லிக் கேளு. சைக்கிள உட்டுடு, நான் கூட்டிகினு போறேன்."

சித்தார்த் பாதிக் கண்ணில் பார்த்தான். "காலைல பாத்துகினேதான இருந்த அண்ணாத்தே. அப்பவே சொல்றதுக்கு இன்னா?"

டில்லிபாபு மூக்கைத் துடைத்துக்கொண்டார். "டீ சூடா இருந்துச்சுடா."

பையன் மூட்டைமேல் சாய்ந்து தூங்கிப்போனான். மேஸ்திரி வந்துவிடுவாரோ என்று டில்லிபாபு வாசலை மறைத்துக் குந்தினார். திரும்பிப் பார்த்தார். குறட்டை இல்லை, வாய் பிளக்கவில்லை. படுபாவி, தூங்குவதுகூட லட்சணமாகத்தான் தூங்கினான்.