அகஸ்ரீனா சொன்ன சாட்சி

இத்தாலியின் பல்லரோச் சந்தையில் மூன்று பேர் சேர்ந்து பாக்காரியை அடித்ததை அகஸ்ரீனா தன் இரண்டு கண்ணாலும் கண்டாள். பாக்காரி காம்பியா நாட்டுப் பெடியன், தெருவில் தொப்பி விற்பவன். அவன் கை ஓங்கவே இல்லை. ஆனால் பொலிஸ் கொண்டுபோனது அவனைத்தான். அவன்தான் முதலில் அடித்தான் என்று அந்த மூவரும் சாதித்தார்கள். சந்தை வாயே திறக்கவில்லை. சாட்சி கிடைக்காவிட்டால் அவனை நாட்டைவிட்டே அனுப்பிவிடுவார்கள் என்று பேச்சு அடிபட்டது.

அகஸ்ரீனா மன்னாரிலிருந்து வந்தவள். சிஞ்ஞோரா என்று கூப்பிடும் இத்தாலியச் சீமாட்டி ஒருத்தியின் வீட்டில் வேலை. பெர்மெசோ என்கிற வதிவிட அட்டையைப் புதுப்பிக்க அந்த வேலை இருந்தாக வேண்டும். சிஞ்ஞோராவுக்கோ கறுப்பர், அவர்கள் நடத்தும் ஊர்வலம் என்றாலே ஆகாது. வேதக்கோயில் தமிழர் சங்கத் தலைவர் கொன்ஸ்ரன்ரைனும் அகஸ்ரீனாவைக் கூப்பிட்டுப் புத்தி சொன்னார். தமிழர் நல்ல சனம், வம்பு, சோலிசுரட்டுக்குப் போகாத சனம் என்று இத்தாலியர் சொல்கிறார்களாம். அந்தப் பேரைக் கெடுக்கக் கூடாதாம். வாயைப் பொத்திக்கொண்டு வீடு கூட்டினால் யாருக்குத்தான் நல்ல பேர் கிடைக்காது?

ஞாயிறு பூசை முடிந்து, சந்தை இருக்கும் அல்பெர்கேரியாப் பகுதியில் பாக்காரிக்காக நடந்த ஊர்வலத்துக்கு அவள் போனாள். சாட்சி சொல்ல அல்ல, சும்மா ஓரமாக நடக்கத்தான். ஒழுங்கை முனையில் பொலிஸ்காரர் நின்றார்கள். சீருடையைக் கண்டதும் அவள் தானாகவே கூட்டத்தை விட்டு விலகி, தலையைக் குனிந்து, பெர்மெசோவை எடுத்து நீட்டினாள். மன்னாரில் ஆமியின் சோதனைச் சாவடிகளில் பஸ்சை விட்டு இறங்கி ஏறிப் பழகிய உடம்பு, பாவம். இங்கே அட்டையை யாரும் கேட்கவே இல்லை. பொலிஸ்காரனே திகைத்துப்போய், வேண்டாம், போங்கள் என்றான். அவளை வெட்கம் பிடுங்கித் தின்றது. பிறகு ஆத்திரம் வந்தது.

அட்டையை அவள் உள்ளே வைக்கவில்லை. அடித்தவர்களைத் தான் கண்டதாகவும், தன் பேரை எழுதிக்கொள்ளும்படியும் தெரிந்த இத்தாலிய மொழியில் அந்தப் பொலிஸ்காரனிடம் சொன்னாள்.

சில நாளில் பாக்காரி வெளியே வந்தான். சாட்சி சொன்ன செய்தி தெரிந்ததும் சிஞ்ஞோரா அவளை இனி வரவேண்டாம் என்றுவிட்டாள். அட்டையோ முடியப்போகிறது. கோயில் வாசலில் கொன்ஸ்ரன்ரைன் மறித்தார்.

"ஆரோ ஒரு கறுவலுக்காக உன்ர சீவியத்தை ஏன் தங்கச்சி பாழாக்கினாய்?"

"எங்கட தம்பியைச் சந்தியிலை வைச்சு ஆமி பிடிச்சு ஏத்தேக்கை ஊரே பாத்துக்கொண்டு நிண்டது, அண்ணை. ஒருத்தரும் வந்து சொல்லேல்லை. அவன் எங்கையெண்டு இண்டைக்கும் தெரியாது."

கொன்ஸ்ரன்ரைன் அதே ஊர்க்காரர். வழியை விட்டு ஒதுங்கினார்.