மருந்துக்கு ஒரு மூடி

எங்கள் வீட்டில் யாரும் குடிக்க மாட்டார்கள். கல்யாணமான நாளில் இருந்து நான் ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்த வாக்கியம் இது. அம்பத்தூர் எஸ்டேட்டில் என்னோடு வேலை செய்கிற பெண்களில் சிலர் திங்கட்கிழமை வீங்கிய முகத்தோடு வருவார்கள். புருஷன் குடித்துவிட்டு அடித்த கதையைச் சொல்லி அழுவார்கள். நான் உச்சுக்கொட்டுவேன், முதுகைத் தடவிக் கொடுப்பேன், உள்ளுக்குள் பெருமைப்படுவேன். அந்தப் பெருமையை இன்றைக்கு நினைத்தால் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும் போல இருக்கிறது.

என் கணவர் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்று வந்தவர். இப்போது ஒரு கம்பெனி வாசலில் செக்யூரிட்டி. ஒரு சொட்டு தொடமாட்டார், அது சத்தியம். ஆனால் மாதம் தவறாமல் ஆவடிக்குப் போய் மிலிட்டரி கேன்டீனில் தன் கோட்டா பாட்டில்களை வாங்கி வந்துவிடுவார். குடிக்காத மனுஷனுக்கு அது எதற்கு என்று கேட்காதீர்கள். பட்டாபிராமில் நாங்கள் வீடு கட்டி எழுப்பியதே அந்தப் பாட்டில்களால்தான். மேஸ்திரிக்கு ஒன்று, போர்வெல் போட்டவருக்கு ஒன்று, ஒயரிங் செய்தவருக்கு ஒன்று. மிலிட்டரி சரக்கு என்றால் நாளைக்கு வருகிறேன் என்று சொன்னவர்கள் இன்றைக்கே வந்து நிற்பார்கள். கொடுத்தது போக மீதி, பீரோவில் என் பட்டுப்புடவைகளுக்குப் பின்னால் வரிசையாக நிற்கும். பீரோ சாவி சமையலறையில், துவரம்பருப்பு டப்பாவுக்குள் இருக்கும்.

ஒரே ஒரு பிராந்தி பாட்டிலை மட்டும் சீல் உடைத்து சமையலறை அலமாரியில் வைத்திருப்பேன், ஓமவாட்டருக்கும் தைலத்துக்கும் பக்கத்தில். அதை நாங்கள் குடி என்று நினைத்ததே இல்லை. சளி பிடித்தால் வெந்நீரில் மிளகு தட்டிப் போட்டு ஒரு மூடி பிராந்தி. பிள்ளை பெற்ற உடம்பு இறுக வேண்டும் என்று எனக்கும் கொடுத்திருக்கிறார்கள், இரண்டு பிரசவத்துக்கும். எங்கள் தெருவில் யார் வீட்டில் குழந்தைக்கு நெஞ்சுச்சளி என்றாலும் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்குத்தான் வருவார்கள். நானும் ஏதோ டாக்டரம்மா மாதிரி அளந்து ஊற்றுவேன். அடிக்கடி கேட்கிற வீடுகளுக்கு ஒரு பாட்டிலையே கொடுத்துவிடுவேன்.

என் பெண் பன்னிரண்டில் வயதுக்கு வந்தாள். பதிமூன்றில் வலி ஆரம்பித்தது. சாதாரண வலி இல்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உருளுவாள், வாந்தி எடுப்பாள். டாக்டரிடம் போயிருக்கலாம். இதற்கெல்லாம் டாக்டரா என்று இருந்துவிட்டேன், நாங்கள் எல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு தாண்டியதுதானே. ஒரு நாள் அவளுக்குக் கணக்குப் பரீட்சை. எழுந்து நிற்கவே முடியவில்லை. நான் ஷிஃப்டுக்குப் போயாக வேண்டும். அலமாரியைத் திறந்தேன், மூடியில் அளந்தேன், வெந்நீரில் சர்க்கரை போட்டுக் கலந்து வாயில் ஊற்றினேன். முகத்தைச் சுளித்துக்கொண்டு விழுங்கினாள். கொஞ்ச நேரத்தில் எழுந்து உட்கார்ந்து சிரித்தாள்.

"வலி போயே போச்சு மா. உடம்பெல்லாம் லேசா கீது."

அந்தச் சிரிப்பைப் பார்த்து எனக்கு எவ்வளவு சந்தோஷம். அதன் பிறகு ஒவ்வொரு மாதமும் நானே கொடுத்தேன். ஒரு மூடி போதவில்லை என்று அவள் சொன்னபோது இரண்டாவது மூடியை ஊற்றியதும் நான்தான். யாரும் என் கையைப் பிடித்து ஊற்ற வைக்கவில்லை.

ஆனால் என் பயமெல்லாம் பையன் மேலேயே இருந்தது. என் அப்பா குடித்துக் குடித்து ஈரல் வீங்கிச் செத்தவர். அந்த ரத்தம் என் வழியாக இறங்கினால் அது ஆண் பிள்ளையிடம்தான் போய்ச் சேரும் என்று நானே ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தேன். அவன் பாலிடெக்னிக்கில் சேர்ந்த நாளில் இருந்து தினமும் சாயந்திரம் வாசலிலேயே நிறுத்தி வைப்பேன்.

"ஊது."

"இன்னாமா நீ, டெய்லி இதே ரோதனையா கீது" என்று முனகிக்கொண்டே ஊதுவான். ஒரு நாளும் வாடை அடித்ததில்லை. அடிக்காததே எனக்குச் சந்தேகமாக இருக்கும், பாக்கு போட்டு மறைக்கிறானோ என்று. அவன் பின்னாலேயே அவன் தங்கச்சி பையைத் தூக்கிக்கொண்டு படியேறி உள்ளே போவாள். அவளை நான் ஒரு நாளும் நிறுத்தவில்லை. வழி விட்டு நகர்ந்து நின்றிருக்கிறேன்.

பிளஸ் டூ வந்ததும் அவள் மெலிந்தாள். ஆவடியில் பள்ளிக்கூடம், அது முடிந்தால் ஸ்பெஷல் கிளாஸ், அதற்கு மேல் டியூஷன். என் கணவருக்கு அவள் நர்சிங் படித்தே ஆக வேண்டும். ஒரு முறை நான் இட்லிக்கு மாவு ஆட்டிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்று சொன்னாள்.

"மா, தூக்கமே வர மாட்டேங்குது. சும்மாவே நெஞ்சு படபடன்னு அடிச்சிகினு கீது."

"போனை நோண்டிகினே இருந்தா எங்க தூக்கம் வரும்? பாலைக் குடிச்சிட்டு படு" என்றேன்.

கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு போய்விட்டாள். கிரைண்டர் சத்தத்தில் அவள் வேறு ஏதாவது சொன்னாளா என்றுகூட எனக்குத் தெரியாது. கிரைண்டரை நிறுத்த எத்தனை நொடி ஆகியிருக்கும்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என் கணவர் பீரோவைத் திறந்தார். பட்டாளத்துக்காரர், எண்ணாமல் எதையும் மூட மாட்டார். நான்கு இருக்க வேண்டிய இடத்தில் மூன்றுதான் இருந்தது. ஒரு வார்த்தை கேட்கவில்லை. வாசலில் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்த பையனை இழுத்து, தெருவே பார்க்க அறைந்தார். "நான் எடுக்கல நைனா, சத்தியமா நான் எடுக்கல" என்று அவன் கத்தினான். நான் தடுத்தேனா? இல்லை. "உங்க தாத்தா மாதிரியே ஆயிட்டியேடா" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதேன். என் பெண் சமையலறை நிலையில் சாய்ந்து, கையில் நறுக்கிய அவரைக்காயோடு நின்றாள். அவள் கண்ணில் இருந்து தாரை தாரையாகத் தண்ணீர் வந்தது. அண்ணன் மேல் எவ்வளவு பாசம் பார் என்று நினைத்தேன்.

அன்றைக்கே பையன் துணிமணிகளைப் பையில் அடைத்துக்கொண்டு அம்பத்தூரில் கூட்டாளியின் ரூமுக்குப் போய்விட்டான். திரும்பி வரவில்லை. அவன் எந்தக் காலத்திலும் சமையலறையில் கால் வைக்காதவன் என்பது அப்போது எங்கள் இருவருக்கும் உறைக்கவில்லை. துவரம்பருப்பு எந்த டப்பாவில் இருக்கிறது என்றே அவனுக்குத் தெரியாது. தண்ணீர் குடித்த டம்ளரைக்கூடத் தங்கச்சிதான் கழுவி வைப்பாள். ஆண் பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கு என்று வளர்த்தவள் நான்.

அடுத்த மாதம் ஒரு நாள், சாப்பாட்டு வேளைக்கு முன்னால் பள்ளிக்கூடத்தில் இருந்து போன் வந்தது. பெண் லேபில் வாந்தி எடுத்துவிட்டாள், நிற்க முடியவில்லை, வந்து கூட்டிக்கொண்டு போங்கள் என்றார்கள். தேதியைப் பார்த்தேன். அந்த நாள்தான். "மாசாமாசம் அப்படித்தான் மிஸ், ஒண்ணும் பயம் இல்ல" என்று அவர்களுக்கு நான் தைரியம் சொன்னேன். சூப்பர்வைசரிடம் கெஞ்சிவிட்டு ஓடினேன். கண்ணை மூடிக்கொண்டு பெஞ்சில் கிடந்தாள். மிஸ் அவள் முகம், சட்டை, பெஞ்சு எல்லாவற்றிலும் டெட்டால் தண்ணீர் போட்டுத் துடைத்து வைத்திருந்தார்கள். எனக்கு அந்த வாடைதான் அடித்தது. பையனின் வாயில் இல்லாத வாடையை எல்லாம் தேடிய மூக்கு இது.

ஆட்டோ பிடித்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். தலை என் தோளில் ஆடிக்கொண்டே வந்தது. பாயில் கிடத்தினேன். பல்லெல்லாம் கிட்டிப்போன மாதிரி இருந்தது. பாவம், என்ன வலியோ என்று அடித்துக்கொண்டு அலமாரியைத் திறந்தேன். மூடியில் அளந்தேன். ஒன்று, இரண்டு, அன்றைக்கு மூன்று. கலந்து, தலையை மடியில் தூக்கி வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினேன்.

அவள் கண்ணைத் திறந்தாள். "வேணாம் மா" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். "மருந்துடா கண்ணு, குடிச்சிடு" என்று மீதியையும் ஊற்றினேன்.

அதன் பிறகு தட்டினேன், கூப்பிட்டேன், தண்ணீர் தெளித்தேன். எழவே இல்லை. உதடு நீலம் பாய்ந்துவிட்டது. கைக்குக் கிடைத்த அவள் பள்ளிக்கூடப் பையோடு ஆட்டோவில் அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடினேன்.

ஆஸ்பத்திரியில் என்னைவிடச் சின்ன வயசு டாக்டரம்மா. குனிந்து பார்த்தவுடனே நிமிர்ந்து கேட்டார்.

"எவ்ளோ குடிச்சிருக்கா?"

"குடியா? ஐயோ இல்ல மேடம். வலிக்கு நான்தான் மருந்துக்கு மூணு மூடி குடுத்தேன்."

"இது மூணு மூடி இல்லம்மா" என்றார். நர்ஸ் பள்ளிக்கூடப் பையில் இருந்த தண்ணீர் பாட்டிலைத் திறந்து என் மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுவந்தாள். பச்சைப் பிராந்தி வாடை. காலையில் அந்தப் பாட்டிலைக் கழுவி அவள் கையில் கொடுத்தது நான். ஏற்கெனவே அவ்வளவு குடித்துக் கிடந்த பெண்ணுக்கு, மடியில் போட்டுக்கொண்டு இன்னும் ஊற்றியதும் நான். இதை யாரிடம் போய்ச் சொல்லி அழ?

பிழைத்துவிட்டாள். மூன்றாம் நாள் பையன் வந்து பார்த்தான். தங்கச்சியின் தலையைத் தடவிவிட்டு என் பக்கம் திரும்பினான். "இப்ப இவளை ஊதச் சொல்லு மா" என்றான். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. பஸ்ஸைப் பிடித்துப் போய்விட்டான்.

அந்த ஆஸ்பத்திரியிலேயே மனநல ஆலோசகர் ஒருவரிடம் அனுப்பினார்கள். ஒரு தாளை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டார். வீட்டில் யாராவது குடிப்பார்களா என்றார். வழக்கமான பெருமையோடு "இல்லை" என்று சொல்ல வாய் திறந்தது, மூடிக்கொண்டேன். வீட்டில் பாட்டில் இருக்குமா? இருக்கும். சொந்தத்தில் யாராவது? என் அப்பா. தூக்கம் வராமல், நெஞ்சு படபடப்பாக இருந்ததை யாரிடமாவது சொன்னாயா என்று என் பெண்ணைக் கேட்டார். அவள் என்னைப் பார்க்காமலே, "இல்லை" என்று தலையாட்டினாள். ஒவ்வொரு கேள்வியும் எங்கள் வீட்டுக்குள் வந்து பார்த்துவிட்டுப் போய் எழுதியது மாதிரி இருந்தது.

கடைசியில், முதல் முதலாக யார் கொடுத்தது என்றார்.

"ஃப்ரெண்ட்ஸ்" என்றாள் என் பெண், சட்டென்று.

"இல்ல மேடம், நான்தான்" என்றேன்.

"எத்தனை வயசுல?"

"பதிமூணு."

அவர் பேனாவை வைத்துவிட்டார். என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். திட்டவில்லை. அவ்வளவு சின்ன வயதில் ஆரம்பித்தால் பின்னால் விடுவது ரொம்பக் கஷ்டம், விடாமல் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்று மட்டும் சொன்னார்.

என் கணவர் கேன்டீனுக்குப் போவதை நிறுத்திவிட்டார். பீரோவில் புடவைகள் மட்டும்தான். டாக்டரம்மா வலிக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தார். முதல் மாதம் அது அவளுக்குக் கேட்கவே இல்லை. என் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு தரையில் கிடந்து கெஞ்சினாள்.

"ஒரே ஒரு மூடி மா. நீதானே குடுப்ப. உன் கையாலயே குடு மா, நான் வேற எங்கயும் போ மாட்டேன்."

கதவைத் தாழிட்டு அதில் சாய்ந்து உட்கார்ந்தேன். தெருவில் எத்தனை வீட்டு அலமாரியில் எங்கள் பாட்டில் இருக்கிறது என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நாங்கள் கொடுத்ததுதான் அத்தனையும். சாயந்திரம் வரை அழுதாள். கொடுக்கவில்லை. கொடுக்காமல் இருந்துவிட்டேன் என்று சாமி படத்துக்கு முன்னால் விழுந்து கும்பிட்டேன்.

இந்த மாதம் அந்த நாள் வந்தது. அவள் சொல்லவில்லை. குப்பைக் கூடையைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். மாத்திரை அட்டையை எடுத்துப் பார்த்தேன், ஒன்றுகூடக் கிழிக்கப்படவில்லை. ஐந்து வருஷமாக மாதாமாதம் தரையில் உருண்ட பெண், காலையில் தலை வாரி, பொட்டு வைத்து, சிரித்த முகத்தோடு ஆவடி ரயிலுக்குக் கிளம்பிப் போயிருக்கிறாள்.

சாயந்திரம் வாசலிலேயே நின்றேன். படியேறி வந்தவள் என்னைக் கட்டிக்கொண்டாள். "இன்னிக்கு வலியே இல்ல மா" என்று சொல்லிவிட்டு என் தோளில் முகத்தைப் புதைத்து மூச்சை அடக்கிக்கொண்டாள். ஊது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவளால் எவ்வளவு நேரம் அடக்க முடியுமோ அவ்வளவு நேரமும் அவளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன்.