தண்ணீரில் அடிக்கக் கூடாது

காக்கிச் சட்டையைக் கண்டால் என் கை தானாக மேலே போகும். பணிவும் இல்லை, மரியாதையும் இல்லை, பழக்கம். போர் முடிந்து சோதனைச் சாவடிகளை எடுத்து எவ்வளவோ காலமாகிவிட்டது. என் தோள்மூட்டுக்கு மட்டும் அந்தச் செய்தி இன்னும் வந்து சேரவில்லை. ஒருமுறை தபால்காரரைக் கண்டு இரண்டு கையையும் தூக்கிவிட்டு, பிறகு முதுகை நெளித்துச் சோம்பல் முறிப்பதுபோல் நடித்தேன். அவர் கடிதத்தைத் தந்துவிட்டு, "நித்திரை காணாது போல" என்று சொல்லிக்கொண்டு போனார். மனைவி இதை ஊர் முழுக்கச் சொல்லிச் சிரிப்பாள். நானும் சேர்ந்து சிரிப்பேன். நானே முந்திக்கொண்டு சிரித்துவிட்டால் மற்றவர்களின் சிரிப்பு அவ்வளவாகக் குத்தாது. குளத்தில் நடந்ததை மட்டும் நான் யாருக்கும் பகிடியாகச் சொன்னதில்லை.

நெடுங்கேணியிலிருந்து காட்டோரமாகப் போனால் எங்கள் குளம் வரும். கீழே வயல், மேலே காடு, நடுவில் நாங்கள் தோணிக்காரர். என் தோணியில் இரண்டு பேர். வலை விடுவது நான். தண்ணீரில் அடிப்பது என் கூட்டாளி. வலையை வளைத்து விட்ட பிறகு, அவன் முன்பக்கம் நின்று ஒரு நீளக் கம்பால் தண்ணீரில் ஓங்கி அடிப்பான். சத்தத்துக்கு வெருண்டு ஓடும் மீன் நேரே வந்து வலையில் கொழுவும். எல்லாத் தோணியிலும் அடிப்பார்கள். அவன் அடிப்பது வேறு. இரண்டு அடி, ஒரு நிறுத்தம், பிறகு மெல்லிய ஓர் அடி. எதற்கடா அந்தக் கடைசி அடி என்று கேட்டால், "முதல் ரெண்டும் மீனுக்கு, மற்றது உனக்கு மச்சான், நீ நித்திரை கொள்ளாமல் இருக்க" என்பான்.

அவனுடைய தாய் தகப்பன் தேயிலைத் தோட்டத்திலிருந்து கலவரத்துக்குப் பிறகு இங்கே வந்து, குளத்தின் மற்றக் கரையில் காடு வெட்டிக் குடியிருந்தவர்கள். வீட்டில் மலைநாட்டுத் தமிழ், தோணியில் எங்கள் தமிழ். நான் அவனை டேய் என்பேன், அவன் என்னை மச்சான் என்பான். நாங்கள் ஒருவர் வீட்டில் ஒருவர் பெண்ணெடுக்கவில்லை. பதினைந்து வருடம் ஒரே தோணியில் இருந்தால் அந்த முறை தானாக வந்துவிடும்.

குளத்து மீனவர் சங்கத்தில் அவனைச் சேர்ப்பதற்கு நாலு தரம் கடிதம் எழுதினேன். மற்றக் கரை ஆளுக்கு இந்தக் கரைச் சங்கத்தில் என்ன வேலை என்று சிலர் கேட்டார்கள். கூட்டத்தில் எழும்பி, "மீன் கரை பார்த்தா நீந்துது?" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். சிரித்த வாயோடு மறுக்க முடியாமல் சேர்த்துக்கொண்டார்கள். என் பகிடி உருப்படியாக ஒரு வேலை செய்தது அந்த ஒரு நாள்தான்.

பிறகுதான் குளத்தில் மீன்குஞ்சு விடத் தொடங்கினார்கள். ஒட்சிசன் அடைத்த பொலித்தீன் பைகளில், நகமளவு குஞ்சுகள் லொறியில் வந்து இறங்கின. பையைத் திறக்க முன்பு அப்படியே தண்ணீரில் மிதக்கவிட வேண்டும். பைக்குள் இருக்கும் தண்ணீரும் குளத்துத் தண்ணீரும் ஒரே சூட்டுக்கு வரும்வரை பொறுக்க வேண்டும். எங்களுக்கு அந்தப் பொறுமை இல்லை. அவன்தான் இடுப்பளவு தண்ணீரில் நின்று, ஒவ்வொரு பையையும் பிடித்துக்கொண்டிருந்தான். ஒரு பையை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு ஏதோ முணுமுணுத்தான். "என்னடா, பேர் வைக்கிறியோ?" என்றேன். "ஓம், எல்லாத்துக்கும் உன்ர பேர்தான். பயந்தாங்கொள்ளி வெருளி" என்றான்.

குஞ்சோடு விதியும் வந்தது. சங்கக் கட்டடத்தின் சுவரில் ஒரு தாளை ஒட்டினார்கள். சின்னக் கண் வலை கூடாது. அந்தத் தாளை நாங்கள் வாசித்து முடிக்க முன்பு இன்னொரு தாள். குஞ்சு விட்ட இடத்தில் இத்தனை மாதம் வலை கூடாது. பிறகு மூன்றாவது தாள். குளத்துக்கு இத்தனை பேர்தான், விதி மீறியவரின் பெயர் வெட்டப்படும், அந்த இடம் காத்திருப்பவருக்குப் போகும். அதன் கீழே, தண்ணீரில் அடிக்கக் கூடாது.

ஏன் கூடாதென்று விளங்கப்படுத்த ஓர் அலுவலர் வந்தார். அடிக்கும்போது முட்டை காக்கிற மீன் இடத்தை விட்டு ஓடிவிடும், குஞ்சு மிஞ்சாது என்றார். நான் கடைசி வரிசையில் இருந்து பகிடி விட்டுக்கொண்டிருந்தேன். அவன் கவனமாகக் கேட்டான். அடுத்த நாள் தோணிக்குக் கம்பில்லாமல் வந்தான்.

"எங்கையடா கம்பு?"

"வீட்டில கொடி கட்டிப்போட்டன். உடுப்புக் காயுது."

அடியில்லாமல் போட்ட வலையில் ஒன்றும் விழவில்லை. ஒரு கிழமை முழுக்கப் பார்த்தோம். வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் நெருங்கிக்கொண்டிருந்தது. விரதத்துக்கு வீடுகளில் மீன், மச்சம் நிறுத்திவிட்டால் பிறகு மீனை யார் வாங்குவது? காலையில் நானே ஒரு கம்பு வெட்டிக்கொண்டு போய் அவன் கையில் கொடுத்தேன்.

"வேண்டாம் மச்சான். சொல்லியிருக்கினம்தானே."

"இண்டைக்கு மட்டும். ஒருக்கா அடி. ஆர் பாக்கிறது?"

அவன் என்னைப் பார்த்தான். பிறகு எழும்பி நின்று அடித்தான். இரண்டு அடி, ஒரு நிறுத்தம். மூன்றாவது அடி விழவில்லை. குளக்கட்டில் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. காக்கிச் சட்டை போட்ட ஒருவர் இறங்கி, எங்களைப் பார்த்துக் கையைக் காட்டினார்.

என் இரண்டு கையும் மேலே போயின. திரும்பிப் பார்த்தால் அவனும் தூக்கியிருந்தான், ஒரு கையில் கம்போடு. நட்ட நடுக் குளத்தில், யாரும் துவக்கு நீட்டாமலே, இரண்டு நடுத்தர வயது மனிதர்கள் சரணடைந்து நின்றோம். அதோடு நின்றிருந்தால் அதுவும் என் மனைவி சொல்லிச் சிரிக்கும் கதைகளில் ஒன்றாகப் போயிருக்கும். நான் வாயைத் திறந்தேன்.

"நான் அடிக்கேல்லை ஐயா! இவன்தான்! நான் வேண்டாமெண்டு சொன்னனான்!"

காற்றில்லாத காலை. தண்ணீருக்கு மேலே சத்தம் நன்றாகப் போகும்.

அந்த மனிதர் மின்சார மீற்றர் வாசிப்பவர். மீன் வாங்கலாம் என்று நின்றிருக்கிறார். நாங்கள் நின்ற கோலத்தைப் பார்த்துவிட்டு, மெல்லத் தலையில் தொப்பியைப் போட்டுக்கொண்டு போய்விட்டார். ஆனால் துருசடியில், தண்ணீர் திறக்கும் கதவுக்குப் பக்கத்தில், சங்கத் தலைவர் இரண்டு பேரோடு நின்றிருந்தார். நான் சொன்னதை மூன்று பேரும் கேட்டிருந்தார்கள்.

கரைக்கு வந்ததும் தலைவர் அவனிடம் கேட்டார்.

"உண்மையோ தம்பி? இவர் வேண்டாமெண்டு சொன்னவரோ?"

அவன் கம்பைத் தோணிக்குள் வைத்தான். "ஓம். அவர் சொன்னவர். நான்தான் கேக்கேல்லை."

"அப்ப நான் கேக்காத மாதிரி இருக்க ஏலாது" என்றார் தலைவர். அவருடைய முகமும் நன்றாக இல்லை.

ஞாயிற்றுக்கிழமை கூட்டம். நான் எழும்பிச் சொல்ல நினைத்திருந்தேன். கம்பு வெட்டியது நான், அடி என்றது நான். இரண்டு வசனம்தான். குளிக்கும்போது சொல்லிப் பார்த்தேன், சைக்கிள் ஓட்டும்போதும் சொல்லிப் பார்த்தேன். கூட்டத்தில் தலைவர், "ஆருக்கும் ஏதும் சொல்ல இருக்கோ?" என்று கேட்டபோது எழும்பினேன். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். சொன்னால் தோணியின் அனுமதியும் போகும் என்பது அந்த நேரம் பார்த்து நினைவுக்கு வந்தது.

"மீற்றர்காரர் எங்களை எத்தினை யூனிற் எண்டு எழுதினவரோ தெரியேல்லை" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. பெயரை வெட்டினார்கள். காத்திருந்த இன்னொருவருக்கு அந்த இடம் போனது.

அதற்குப் பிறகு நான் தனியாகத்தான் வலை விட்டேன். ஒரு வருடத்தில் குஞ்சுகள் வளர்ந்தன, அடிக்காமலே வலை நிறைந்தது. அலுவலர் சொன்னது சரி. அவன் நம்பியதும் சரி.

அடிக்கடி நினைப்பேன், நாளைக்குப் போவோம் என்று. அவனுடைய வீட்டுக்குக் குளக்கட்டால் போனால் பதினைந்து நிமிடம். எனக்கு இரண்டு வருடம் எடுத்தது.

போக வைத்ததும் ஒரு விதிதான். இந்த வருடம் புதிய தாள் ஒட்டினார்கள். தோணியில் தனியாகப் போகக் கூடாது, இரண்டு பேர் வேண்டும், இரண்டாவது ஆளைச் சங்கத்துக்கு வெளியிலிருந்தும் எடுக்கலாம். படிவத்தை வாங்கிக்கொண்டு நேரே சைக்கிளை மிதித்தேன். கையில் ஒரு பெரிய ரோகு மீன். அவன் தண்ணீரில் பிடித்துக்கொண்டு நின்ற பைகளில் ஒன்றிலிருந்து வந்ததாகக்கூட இருக்கலாம்.

முற்றத்தில் சீமெந்து குழைத்துக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும் கையைத் துடைத்துக்கொண்டு எழும்பினான்.

"வாங்க" என்றான். "ஒக்காருங்க."

அது அவன் வீட்டுத் தமிழ், அதிலும் வெளி ஆட்களுக்குப் போடும் மரியாதை. கதிரையை இழுத்துப் போட்டான். மனைவியைக் கூப்பிட்டுத் தேத்தண்ணி போடச் சொன்னான். நான் படிவத்தை நீட்டினேன்.

"இப்ப விதியே ரெண்டு பேர் வேணுமெண்டு சொல்லுதடா. நீ சும்மா முன்னுக்கு இருந்தாக் காணும். அடிக்கத் தேவையில்லை. என்னை மட்டும் அடி."

அவன் சிரித்தான். கடையில் தெரியாதவர் சொன்ன பகிடிக்குச் சிரிப்பதுபோல ஒரு சிரிப்பு. படிவத்தை முழுக்க வாசித்தான். மடித்து என் கையில் திருப்பித் தந்தான்.

"இப்ப மேசன் வேலைங்க. நேரம் இல்ல. வேற ஆளப் பாருங்க."

"டேய், அண்டைக்கு நான் பயந்து போனன்..."

"கையத் தூக்குனது பரவாயில்லைங்க. நானுந்தான் தூக்குனேன்." சீமெந்தைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "வாயத்தான்..."

தேத்தண்ணி வந்தது. குடித்தேன். மீனை அவனுடைய மனைவி வாங்கிக்கொண்டார். படலை வரை கூட வந்தான். பதினைந்து வருடத்தில் ஒரு நாளும் அவன் என்னைப் படலை வரை வந்து வழியனுப்பியதில்லை.

"பாத்துப் போங்க" என்றான்.

குளக்கட்டில் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தேன், ஏறி மிதிக்க முடியவில்லை. எதிரே ஒரு மோட்டார் சைக்கிள் வந்தது. காக்கிச் சட்டை, அதே மீற்றர்காரர். யாரென்று எனக்கு நன்றாகத் தெரிந்தது. தெரிந்தும் சைக்கிளை விட்டுவிட்டு இரண்டு கையையும் தூக்கினேன், ஒரு கையில் நிரப்பாத படிவத்தோடு. சைக்கிள் சரிந்து விழுந்தது. கூப்பிடுகிறேன் என்று நினைத்து அவர் வேகத்தைக் குறைத்து, "மீன் இருக்கோ அண்ணை?" என்று கேட்டார்.

இல்லை என்றேன்.