ஸ்பேனரின் பேட்டரி சைக்கிள்

மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் அவளை எல்லாரும் ‘ஸ்பேனர்’ என்றுதான் கூப்பிடுவார்கள். பாய்லரைப் பற்றவைப்பது அவள் வேலை. ஆனால் துவைக்கும் மெஷினோ கதவுத் தாழ்ப்பாளோ, எது மக்கர் பண்ணினாலும் அவளைத்தான் தேடுவார்கள். பத்தொன்பது வருஷமாக விடிகாலை ஆறு மணிக்கு பாய்லரில் தீ எரியும். ஏழுக்குள் நீராவி வராவிட்டால் ஆபரேஷன் அறைத் துணிகள் அப்படியே கிடக்கும்.

சலவைக்கூடம் மேட்டின் உச்சியில், வீடு அடிவாரத்தில். முதல் பஸ் ஆறரைக்குத்தான் என்பதால் சைக்கிளே கதி. ஐம்பத்திரண்டு வயதில் வலது முழங்கால் தகராறு செய்யத் தொடங்கியது. பாதி மேட்டில் இறங்கித் தள்ள வேண்டியதாயிற்று. ஒரே மாதத்தில் இரண்டு நாள் தாமதம்.

“இன்னொரு நாள் லேட்டானா பாய்லரை வேற ஆள்கிட்ட குடுத்துடுவேம்மா,” என்றார் சூப்பர்வைசர். “நீங்க உக்காந்து துணி மடிங்க. காலுக்கும் நல்லது.”

அவர் நல்லெண்ணத்தில்தான் சொன்னார். அதனாலேயே அவளுக்குச் சுருக்கென்றது.

சைக்கிளில் மாட்டும் மோட்டார் செட் ஒன்றை வாங்கிவந்தாள். மோட்டார் வைத்த முன் சக்கரம், பேட்டரி, வயர்கள், பெடல் அச்சில் மாட்ட ஒரு காந்த வளையம். பெடல் சுற்றினால் வளையமும் சுற்றும். பக்கத்தில் இருக்கும் சென்சார் அதைக் கண்டுகொண்டு மோட்டாரை ஓட்டும்.

விடுமுறை நாளில் அவளும் கூடவே வசிக்கும் அவள் அக்காவும் சமையலறையில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தினார்கள். அக்கா பொத்தான் கடையில் வேலை பார்த்தவள். கழற்றிய ஒவ்வொரு திருகையும் தனித்தனித் தீப்பெட்டியிலும், கருவிகளைத் தகரப் பெட்டிகளிலும் போட்டு நம்பர் எழுதினாள். தங்கை வயரை ஹேண்டில்பாரோடு கட்டிக்கொண்டிருந்தபோது, வளையத்தை மாட்டும் பொறுப்பு அக்காவிடம் வந்தது. ஒரு பக்கம் மொட்டை. மறுபக்கம் பளபளவென்று எழுத்து. வழிகாட்டித் தாளில் படம் நகத்தளவுதான்.

“எழுத்து உள்ள போகணுமா, வெளிய வரணுமாக்கா?”

“இதென்னடி கேள்வி? பொத்தானை முகம் உள்ள போற மாதிரியா தைப்பாங்க?” என்று அக்கா எழுத்துப் பக்கத்தை வெளியே வைத்து அழுத்தினாள்.

பிறகு, தான் நின்றிருந்த பக்கத்திலிருந்தே பெடலைக் கைக்கு வாகாகச் சுற்றிவிட்டாள். முன் சக்கரம் ‘விர்’ரென்று சுழன்றது. அந்தச் சந்தோஷத்தில், பின் சக்கரம் அசையாமல் நின்றதை இருவருமே கவனிக்கவில்லை.

மறுநாள் ஐந்தரை மணிக்கு அவள் கிளம்பினாள். மிதித்தாள். மோட்டார் வாயே திறக்கவில்லை. பேட்டரி விளக்கு மட்டும் பச்சையாக எரிந்தது. பழைய சைக்கிளைவிட ஏழு கிலோ கூடுதல். மேட்டின் தொடக்கத்திலேயே முழங்கால் கெஞ்சியது. இறங்கித் தள்ளலாம் என்று, ஊன்றுவதற்கு வசதியாகப் பெடலைப் பின்பக்கம் சுற்றினாள். சைக்கிள் எகிறிப் பாய்ந்தது.

பிரேக் பிடித்து நின்றாள். மறுபடி பின்பக்கம் சுற்றிப் பார்த்தாள். மறுபடி பாய்ந்தது. அவளுக்கு விளங்கிவிட்டது: வளையம் முகம் மாறி மாட்டியிருக்கிறது, பின்பக்கம் சுற்றினால்தான் சென்சார் அதைக் கண்டுகொள்கிறது. வளையத்தைத் திருப்பிப் போட பெடல் கட்டையைக் கழற்ற வேண்டும். அதற்கான கருவி வீட்டில், அக்காவின் எட்டாம் நம்பர் பெட்டியில். மணி ஐந்து நாற்பது.

சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்து, பின்பக்கமாகவே மிதித்தபடி மேடேறினாள்.

எதிரே ரொட்டி வண்டிக்காரர் வேகத்தைக் குறைத்துத் தலையை நீட்டினார். “என்ன ஸ்பேனரக்கா, வண்டி முன்னாடி போகுது, கால் பின்னாடி போகுதே!”

“நீங்க ரோட்டைப் பாத்து ஓட்டுங்க!”

வாசலில் சூப்பர்வைசர் கைக்கடிகாரத்தோடு நின்றிருந்தார். ஐந்து ஐம்பத்திரண்டு.

“என்னம்மா இது, எல்லாம் தலைகீழா இருக்கு?”

“நேரம் நேராத்தானே சார் இருக்கு?”

அவர் கடிகாரத்தை இன்னொரு தடவை பார்த்துவிட்டு, பாய்லர் அறைச் சாவியை அவளிடம் நீட்டினார். ஆறு மணிக்குத் தீ எரிந்தது.

சாயங்காலம் விஷயம் தெரிந்ததும் அக்காவின் முகம் சுண்டிப்போனது. எட்டாம் நம்பர் பெட்டியை எடுத்துவந்தாள்.

“வை அதை உள்ள,” என்றாள் தங்கை. “முன்னாடி மிதிச்சாத்தான் முட்டி வலிக்குது. பின்னாடி சுத்தினா காத்துல சுத்துற மாதிரி இருக்கு.”

“ஊரே சிரிக்குமேடி.”

“சிரிச்சிட்டுப் போகட்டும். அதுக்குள்ள நான் மேடேறிப் போயிருப்பேனே.”

அக்கா திருகுக் கணக்கு எழுதிய நோட்டைத் திறந்து, கடைசி வரிக்குக் கீழே ‘பெடல்: பின்பக்கம்’ என்று எழுதி அடிக்கோடிட்டாள். வளையத்தின் எழுத்தில் ஒட்டியிருந்த கிரீஸைத் துணியால் துடைத்துவிட்டாள்.