'பழகிப்போச்சு' என்று நான் எழுதியது

அம்மாவுக்கு மூக்கு போன செய்தியை முதலில் பத்திரிகையில் போட்டது நான்தான். அது அந்தச் செய்தி என்று அப்போது எனக்குத் தெரியாது.

எண்ணூரில் ஒரு மத்தியானம் ஆலைப் பக்கமிருந்து வாயு நெடி வந்தது. எங்கள் குப்பத்தில் எல்லாரும் ஈரத்துணியை மூக்கில் அழுத்திக்கொண்டு மெயின் ரோட்டுக்கு ஓடினார்கள். மீன் விற்றுவிட்டு வந்திருந்த அம்மா வாசலில் மீன் சுமக்கும் அலுமினிய அன்னக்கூடையைக் கழுவிக்கொண்டிருந்தாள். நான் கையைப் பிடித்து இழுத்தேன்.

"இன்னா நாத்தம்? எனுக்கு ஒன்னியும் வரல. கண்ணுதான் எரியுது."

"அத்தைக்கு மூக்கு எங்க கீது? மீனு மாரி செவுளுதான் கீது" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. துணிக்குள்ளேயே எல்லாரும் சிரித்தார்கள்.

அன்று அந்தச் செய்தியை எழுதியது நான். 'எங்களுக்குப் பழகிப்போச்சு என்றார் மீன் விற்கும் பெண் ஒருவர்' என்று முடித்தேன். அம்மா அப்படிச் சொல்லவில்லை. ஆனால் பத்திக்கு அது நன்றாகப் பொருந்தியது. பத்திரிகை ஆபீஸ் டெஸ்க்கில் அந்த வரியைத் தனியாக எடுத்துப் பெட்டி கட்டிப் போட்டார்கள். எங்கள் குப்பத்தில் மூக்கு வேலை செய்யவில்லையென்றால் யாரும் டாக்டரிடம் போவதில்லை. காற்றின் மேல் பழியைப் போட்டுவிடுவோம்.

விடியற்காலையில் காசிமேட்டு ஏலத்தில் மீன் எடுத்து, திருவொற்றியூரில் ஒரு தெருமுனையில் விற்பது அம்மாவின் தொழில். பல நாள் கடலில் தங்கி வரும் விசைப்படகில் முதல் நாள் பிடித்த மீனும் கடைசி நாள் மீனும் ஒரே ஐஸில்தான் கிடக்கும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கலாம். அம்மா கட்டைவிரலால் செவுளைத் தூக்கி ஒருமுறை மூச்சிழுப்பாள். வேண்டாமென்றால் கீழே வைத்துவிடுவாள். அவளிடம் வாங்குகிறவர்கள் மீனைத் திருப்பிக்கூடப் பார்ப்பதில்லை. மூக்கு போன பிறகு கண்ணாலும் விரலாலும் சமாளித்திருக்கிறாள். யாரிடமும் சொல்லவில்லை.

சில வருடங்கள் கழித்து அந்தக் கட்டைவிரல் நடுங்கத் தொடங்கியது. நடை சுருங்கியது. முகத்தில் சிரிப்பு ஏறவில்லை. வாடிக்கைக்காரர்கள் தப்பாக எடுத்துக்கொண்டார்கள். "இன்னாக்கா, மூஞ்சத் தூக்கி வச்சிகினு கீற?" என்று கேட்டார்கள்.

அரசு மருத்துவமனையில் நரம்பியல் டாக்டர் கையையும் நடையையும் பார்த்துவிட்டு, வாசனை தெரிகிறதா என்று கேட்டார்.

"அது போயி எத்தினி வருசமாச்சி" என்றாள் அம்மா.

பார்க்கின்சன் என்றார். கை நடுங்குவதற்குப் பல வருடங்கள் முன்பே மூக்கு போய்விடுவதுண்டாம். ஒரு புரதம் தவறாக மடிந்து நரம்பணுக்களில் படிகிறது. சிலருக்கு அது மூக்கிலோ குடலிலோ தொடங்கி மூளைக்குப் போகலாம் என்று ஆராய்ச்சியாளர்கள் சந்தேகிக்கிறார்கள். மாத்திரை கை கால் இறுக்கத்தைக் குறைக்கும். நோயை நிறுத்த இன்னும் மருந்து இல்லை. எங்கள் ஊர்க் காற்றுதான் காரணமா என்று கேட்டேன். காற்று மாசுக்கும் இந்த நோய்க்கும் தொடர்பு இருக்கிறதா என்று ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள், ஒரு ஆளை வைத்து எதையும் சொல்ல முடியாது என்றார். எனக்குச் செய்தித் தலைப்பு கிடைக்கவில்லை.

அம்மா கேட்டது ஒன்றுதான், வாசனை திரும்ப வருமா என்று. அதற்கு மாத்திரை இல்லை என்றார்.

பஸ்ஸில் வரும்போது சொன்னாள்: "வெட்றதுக்குப் பக்கத்துக் கடைக்காரி கீறா. மோந்து பாக்கத்தான் ஆளு இல்ல. நீ வா."

அதிலிருந்து ஆபீஸ் போவதற்கு முன் நான் காசிமேட்டுக்குப் போனேன். அவள் செவுளைத் தூக்கிக் காட்டுவாள். நான் மோந்து சொல்வேன். நல்லாயிருக்கு என்றால் மட்டும் போதாது அவளுக்கு. கடல் வாசனையா, ஐஸ் வாசனையா, இரும்பு மாதிரியா என்று கேட்பாள். நான்கு மாதம் அப்படி ஓடியது.

ஒருநாள் மீன் என் மூக்கருகே இருந்தது, காதில் ஆபீஸ் போன். "நல்லா கீதும்மா" என்று சொல்லிவிட்டுப் பேச்சைத் தொடர்ந்தேன்.

அன்று பத்து மணிக்கு இருபது வருட வாடிக்கைக்கார அம்மாள் ஒருவர் வெட்டிய சங்கரா மீனைப் பையோடு திருப்பிக் கொண்டுவந்தாராம். சண்டை போடவில்லை. "நீயா இதக் குடுத்த?" என்று மட்டும் கேட்டுவிட்டு, வேறு மீன் வேண்டாமென்று போய்விட்டார். பக்கத்துக் கடைக்காரி சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

வீட்டில் அம்மா கேட்டாள். "மோந்து பாத்தியா?"

"பாத்தேன்."

நம்பினாளா என்று முகத்தைப் பார்த்தேன். அந்த முகத்தில் இப்போது எதுவும் தெரிவதில்லை. மறுநாள் அவள் ஏலத்துக்கு எழுந்திருக்கவில்லை. அன்னக்கூடை சுவரோரம் கவிழ்ந்து கிடந்தது. தெருமுனையில் அவள் இடத்தில் ஒரு வாரத்துக்குள் வேறொருத்தி உட்கார்ந்துவிட்டாள்.

இப்போது கட்டிலில் இருந்தபடியே தினமும் காலையில் கேட்கிறாள், ஆலை நாற்றம் வருகிறதா என்று. நான் வாசலுக்குப் போய், போனை உள்ளே வைத்துவிட்டு, கொஞ்ச நேரம் நின்று மூச்சிழுக்கிறேன். வந்தால் வருகிறது என்கிறேன். இன்று வந்தது.